எலும்பில் செய்த போர்க்கப்பல்

"இது யானைத் தந்தம் இல்லை. எலும்பு," என்றாள் லேயா.

ஏக்லி அம்மா காதுக்குள் இருந்த கருவியை ஒருதரம் அழுத்திவிட்டு, "என்ன?" என்றார்.

"எலும்பு, ஃபிராவ் ஏக்லி. மாட்டெலும்பும் ஆட்டெலும்பும். சூப்பில் அவித்து மிஞ்சினது."

நான் ஏக்லி அம்மாவுக்குப் பின்னால் சீப்போடு நின்றேன். அவருடைய பாதித் தலைக்குச் சுருள் குழல்கள் மாட்டியாகிவிட்டது. மற்றப் பாதி ஈரம். எங்களுக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில், கண்ணாடி மூடி கழற்றிய அந்தக் கப்பல். எங்கள் வீட்டு மைக்ரோவேவ் அளவு இருக்கும். மூன்று பாய்மரங்கள். பக்கவாட்டில் இரண்டு வரிசைப் பீரங்கிகள், ஒவ்வொன்றும் அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிது. நிறம் பழைய பல்லின் நிறம்.

லேயாவை அனுப்பியது ஊர் அருங்காட்சியகம். பழைய பொருள்களைச் செப்பனிடுவது அவள் வேலை. முப்பது வயது இருக்காது. பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, பாய்மரத்திலிருந்து இறங்கும் கயிறுகளைப் பார்த்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இந்தக் கயிறுகள் தலைமயிர். மனுசத் தலைமயிரை முறுக்கித் திரித்திருக்கிறார்கள்."

நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அந்த நேரம் கப்பலை நான் தொட்டுக்கொண்டுகூட இருக்கவில்லை.

என் தொழிலே தலைமயிர்தான். சுவிஸின் ஊஸ்டர் ஊரில் சின்னதாக ஒரு சலூன் வைத்திருக்கிறேன். சுவிஸ் மயிர், தமிழ் மயிர், எரித்திரிய மயிர், எல்லாம் என் விரலுக்குப் பழக்கம். அப்படிப்பட்ட நான், முந்திய நத்தார்ப் பண்டிகைக்கு ஏக்லி அம்மாவின் தலை முடித்தபிறகு, அதே ட்ரையரைக் குளிர்காற்றில் போட்டு அந்தக் கப்பலுக்குத் தூசி ஊதிவிட்டேன். கயிறுகளை விரலால் நீவி, "நல்ல பட்டுநூல்" என்று சொல்லியும் இருக்கிறேன்.

சலூன் திறந்த கதையின் மிச்சத்தைத்தான் இந்த வாரப் பத்தியில் எழுத இருந்தேன். அது ஓடிப்போகாது. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கடல் இல்லாத ஊரின் கப்டன்

ஏக்லி அம்மா என் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர். இடுப்பு உடைந்த பிறகு சலூனுக்கு வர முடியவில்லை. திங்கட்கிழமை எனக்குக் கடை பூட்டு. அன்றைக்கு நானே அவர் வீட்டுக்குப் போய் முடித்துவிடுவேன்.

அந்த வீட்டு வரவேற்பறையில் அலுமாரிக்கு மேல் கப்பல் இருந்தது. யார் வந்தாலும் ஏக்லி அம்மா முதலில் அதைத்தான் காட்டுவார். "எங்கள் கப்டன் செய்தது" என்பார். அவருடைய பூட்டனுக்குப் பூட்டன், பெரிய மரப் போர்க்கப்பல் ஒன்றில் கப்டனாகச் சேவை செய்தாராம். நெடுங்கடலில் சண்டை இல்லாத நாள்களில், பொழுதுபோக்காக யானைத் தந்தத்தில் தன் கப்பலைத் தானே செதுக்கினாராம். அதோடு ஊர் திரும்பி, கலியாணம் முடித்து, பசு வளர்த்துச் செத்தாராம்.

சுவிஸில் கடற்படைக் கப்டன் என்றால் எல்லாரும் சிரிப்பார்கள். கடலே இல்லாத நாடு. ஆனால் ஏக்லி அம்மா சிரிக்க மாட்டார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கூட்டாளிகளைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். கணவர் பெண் பார்க்க வந்தபோதும் கப்பலுக்குக் கீழேதான் உட்காரவைத்தார்களாம். பிள்ளைகள் இல்லை. இருக்கும் காலத்திலேயே கப்பலை ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார். அதற்காகத்தான் லேயா வந்தாள்.

கப்பல் கண்ணாடிப் பெட்டியோடு பாரம். அலுமாரியிலிருந்து இறக்க ஒரு ஆண்பிள்ளை வேண்டுமென்றார். அன்றைக்கு இவருக்கு லீவு. முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை செய்கிறார், திங்களில் சிலவேளை லீவு கிடைக்கும். கூட்டிக்கொண்டு போனேன்.

இவர் என்றால் என் கணவர். முப்பது வருசமாக எனக்கு இவர் "இவர்"தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இவர் பெட்டியை இறக்கி மேசையில் வைத்தார். ஏக்லி அம்மா கொடுத்த தேத்தண்ணியோடு குசினி வாசலில் சாய்ந்து நின்றார். இதெல்லாம் நடக்கும்போது அங்கேதான் நின்றார்.

அது சேவை செய்த விதம்

"எலும்பு என்றால் என்ன?" என்று ஏக்லி அம்மா கேட்டார். "தந்தம் கிடைத்திருக்காது. கப்டன் எலும்பில் செய்தார். அவ்வளவுதானே?"

லேயா பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். சொல்லத் தயங்குகிறாள் என்று எனக்கு விளங்கியது.

"அவர் தன் கையால் செய்தார் என்று உறுதியாகத் தெரியுமா?"

"என் தகப்பனார் சொன்னார். அவருடைய தகப்பனார் அவருக்குச் சொன்னார்."

"அப்படியென்றால் அவர் கப்டனாக இருந்திருக்க முடியாது."

அதற்குப் பிறகு அவள் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன்.

அந்தக் காலத்துப் போர்க்கப்பல் ஒன்றைக் கட்ட ஒரு ஓக் காட்டையே வெட்ட வேண்டுமாம். எங்கள் கட்டடத்தைவிட உயரமான பாய்மரங்கள். உள்ளே பல நூறு பேர். பீரங்கிகளுக்கு நடுவில்தான் சாப்பாடு, பீரங்கிகளுக்கு மேலே துணி ஏணை கட்டித் தூக்கம். புழு விழுந்த பிஸ்கட். எதிர்த்துக் கதைத்தால் கயிற்றுச் சவுக்கு. மாலுமிகளில் பாதிப்பேர் விருப்பப்பட்டு வந்தவர்கள் இல்லை. துறைமுகத் தெருக்களில் நடந்து போனவர்களை மறித்துப் பிடித்து ஏற்றியவர்கள். கலியாண உடுப்போடு பிடிபட்டவர்களும் இருந்தார்களாம்.

"சண்டையில் மரம் சிதறும். குண்டைவிட மரச் சிராய் பட்டுச் செத்தவர்கள்தான் கூட," என்றாள். "கீழ்த் தட்டில் வைத்தியர் கால் கையை அறுப்பார். அந்தத் தட்டுக்குச் சிவப்பு அடித்திருந்ததாகவும் ஒரு கதை இருக்கிறது. இரத்தம் தெரியாமல் இருக்கவாம்."

ஏக்லி அம்மாவின் கழுத்தில் ஈரம் வடிந்தது. நான் துடைத்துவிட்டேன்.

"அப்படி இருபது முப்பது வருசம் சேவை செய்த பிறகு மரம் உக்கி உளுத்துவிடும். ஆனாலும் கப்பலை விடமாட்டார்கள். பாய்மரத்தை வெட்டிவிட்டு, துறைமுகச் சேற்றில் சங்கிலியால் கட்டிவைத்து, சிறையாக்கிவிடுவார்கள். பீரங்கி நீட்டின துவாரங்களுக்குக் கம்பி அடித்துவிட்டால் சிறை ரெடி. பிரெஞ்சுக்காரருக்காகச் சண்டை பிடிக்கப் போன சுவிஸ்காரர் நிறையப் பேர். இங்கே வறுமை. சிலரைக் கப்பல்களில் காவலுக்கு ஏற்றினார்கள். ஆங்கிலேயர் கப்பலைப் பிடித்தால், இவர்களைக் கொண்டுபோய் அந்தச் சிறைக்கப்பல்களில் அடைத்தார்கள். வருசக்கணக்காக. அங்கேதான் இப்படிக் கப்பல்கள் செய்தார்கள். சூப்பில் வரும் எலும்பு, தங்கள் தலைமயிர், வேறு ஒன்றும் கையில் இல்லை."

"கப்டன்மார்?" என்று ஏக்லி அம்மா கேட்டார். குரல் சின்னதாக வந்தது.

"கப்டன்மாரை அதில் அடைப்பதில்லை. தப்பி ஓடமாட்டோம் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு ஊருக்குள் வீடெடுத்து இருக்க விடுவார்கள்."

வெளியே எஸ்-பான் ரயில் ஒன்று போனது.

அப்போதுதான் குசினி வாசலிலிருந்து இவர் கேட்டார், தன்னுடைய உடைந்த ஜெர்மனில்:

"இரவில மேல் கதவைப் பூட்டுவினமோ?"

லேயா திரும்பிப் பார்த்தாள். "ஓம். பொழுதுபட்டால் எல்லாரையும் கீழே இறக்கிப் பூட்டுவார்கள்."

இவர் தலையாட்டினார். கோப்பையைக் கவனமாகத் தொட்டிக்குள் வைத்தார். "நான் காருக்க இருக்கிறன்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கார்

நான் ஏக்லி அம்மாவின் தலையை எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு எண்பது வயதுக்கு மேல். ஒரே பிற்பகலில் தன் வீட்டுக் கப்டனை இழந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

கீழே வந்தேன். இவர் சாரதி ஆசனத்தில் சீட் பெல்ட் போட்டபடி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். இஞ்சின் ஓடவில்லை. சாவி மடியில்.

"என்ன, பிரஷரோ?" என்றேன்.

"நானும் இருந்தனான்," என்றார்.

"எங்கை?"

"கப்பலிலை. அடைச்சு வைச்சவை."

எனக்கு விளங்கவில்லை. அந்தக் கப்பல் இருநூறு வருசத்துக்கு முந்தியது. இவருக்கு மூளையில் ஏதோ ஆகிவிட்டது, ஸ்ட்ரோக்காக இருக்கும் என்று நினைத்து, அம்புலன்சுக்கு அடிக்க ஃபோனை எடுத்தேன். அந்த ஃபோனை என் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னார்.

ஆண்பிள்ளைகள் கதைக்கும் கதைகள்

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆள்களின் கலியாண வீடுகளிலும் பிறந்தநாள்களிலும், சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் ஒரு மேசையில் சேர்வார்கள். வந்த கதை தொடங்கும். ஒருவர் பனிக்குள் நடந்து வந்திருப்பார். ஒருவர் லொறிக்குள் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில். சொல்லச் சொல்லப் பனியின் ஆழமும் கூடும், லொறியின் இருட்டும் கூடும். எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் ஒரு அமைதி வரும். பிறகு யாராவது பிள்ளைகளின் படிப்பைக் கேட்பார்கள்.

இவர் அந்த மேசைகளில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருப்பார். கேட்டால், "எனக்குக் கதை ஒண்டும் இல்லை. இத்தாலியால நேரை வந்தனான்" என்பார். நானும் அதையே நம்பினேன். என்னைக் கலியாணம் செய்து கூப்பிட்டபோது சூரிச் விமான நிலையத்தில் எனக்காக ஒரு பெரிய ஜக்கெட்டோடு நின்ற மனிதர் இத்தாலியால் வந்தவர். எங்கள் மகள் மதுரா பள்ளிக்கூடத்தில் "என் பெற்றோர் வந்த பாதை" என்று படம் கீறியபோதும் இத்தாலியிலிருந்துதான் அம்புக்குறி போட்டாள்.

அன்றைக்குக் காருக்குள் அந்த அம்புக்குறி அழிந்தது.

முதலில் போனது இங்கிலாந்துக்கு. இருபத்திரண்டு வயது. விமான நிலையத்திலேயே பிடித்து, தஞ்சம் கேட்ட வேறு தமிழ்ப் பெடியன்களோடு ஒரு துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பழைய பயணிகள் கப்பல், கார் ஏற்றிப் போகிற வகை. தடுப்பு நிலையங்களில் இடம் இல்லையாம். அதற்குள் ஏற்றிக் கட்டிவைத்தார்கள்.

"எவ்வளவு காலம்?"

"மாதக்கணக்கு. வெயில் காலம் ஏறினனாங்கள். இறங்கேக்க குளிர் தொடங்கிட்டுது."

"அடிச்சவையோ?"

"இல்லையப்பா. அடிக்கேல்லை. சாப்பாடு தந்தவை. அது இல்லைப் பிரச்சினை. கப்பல் எண்டால் போறதுக்கெண்டுதானே செய்யிறது? நாங்கள் ஏறி இருக்கிறம், அது போகேல்லை. ஒவ்வொரு நாளும் காலமை எழும்பி யன்னலாலை பார்த்தா அதே கிரேன். அதே கிரேன்."

இவர் ஸ்டியரிங்கை விடவில்லை. நான் கையை நீட்டி இவருடைய சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிறகு புயலொன்றில் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய் மணல் திட்டியில் ஏறிவிட்டதாம். அதற்குப் பிறகு அவர்களை வெளியே விட்டார்கள். ஆனால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம் என்ற பயம். சுவிஸில் இருந்த தமையன், "இஞ்சை வா. ஆனா அங்கை இருந்ததை ஒருத்தருக்கும் வாய் திறவாதை. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றாராம். இவர் வாய் திறக்கவில்லை. பெர்மிட் கிடைத்தது, சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட்டும் கிடைத்தது. தமையன் செத்தும் போனார். இவர் வாய் திறக்கவில்லை.

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். பிறகு நேரம் பிந்திப்போச்சு."

செவ்வாய்க்கிழமை வந்தவர்

சில கிழமைகள் இவர் ஒன்றும் நடக்காதது மாதிரி வேலைக்குப் போய் வந்தார். எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. சலூனில் ஒரு பெண்ணுக்குச் சாயத்தைக் கூடிய நேரம் வைத்துவிட்டேன். மதுராவுக்குச் சொன்னபோது அவள் ஃபோனில், "அம்மா, அப்பா ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். அவள் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஏக்லி அம்மா வீட்டிலும் அமைதி இல்லை. வின்ரத்தூரில் இருக்கும் அவருடைய தம்பிக்கு விசயம் தெரிந்து சண்டை. "கப்டன் கப்டனாகவே இருக்கட்டும். கைதி என்று எழுதினால் நான் காட்சித் திறப்பு விழாவுக்கு வரமாட்டேன்" என்றாராம். ஏக்லி அம்மா அழுதார், அழுதுவிட்டுச் சொன்னார்: "அந்த மனிதன் தன் தலைமயிரைப் பிடுங்கிக் கயிறு செய்தான், ஃபிராவ் வசந்தி. நாங்கள் அவனுக்கு இருநூறு வருசம் கப்டன் தொப்பி போட்டு விளையாடியிருக்கிறோம்."

அடுத்த திங்கள் நான் போனபோது, குழல் மாட்டத் தொடங்க முன்னமே சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை உங்கள் கணவர் வந்திருந்தார்."

"எந்தக் கணவர்?" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் வாயில் வந்தது.

இவர் வேலை முடிந்து தனியாக வந்திருக்கிறார். கப்பலைப் பார்க்க வேண்டுமென்று கேட்டிருக்கிறார். அதற்கு முன்னால் கதிரை போட்டு, மாலை வரை இருந்து, தன் கப்பலைப் பற்றி ஏக்லி அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். குசினி ஜெர்மனைத் தவிர வேறு ஜெர்மன் தெரியாத மனிதர்.

"என்ன சொன்னவர்?"

ஏக்லி அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "எனக்கு எல்லாம் விளங்கவில்லை. விளங்கியதை நான் சொல்லக் கூடாது. அவரைக் கேளுங்கள்."

எனக்குக் கோபம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. மொழி சரியாகத் தெரியாத ஒரு கிழவிக்குச் சொல்ல முடிந்ததை, ஒரே பாயில் படுக்கிற எனக்குச் சொல்ல முடியவில்லையா? அன்றைக்குக் குழல்களைக் கொஞ்சம் இறுக்கித்தான் மாட்டினேன் என்று நினைக்கிறேன். ஏக்லி அம்மா முறையிடவில்லை.

கப்பல் அருங்காட்சியகத்துக்குப் போனது. சிறைக்கப்பலில் அடைபட்ட சிப்பாய் ஒருவர் சூப்பெலும்பிலும் தலைமயிரிலும் செய்தது என்று எழுதிவைத்தார்கள். தம்பிக்காரர் வரவில்லை. இவர் வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்து கடைசி வரிசையில் நின்றார்.

தோய்க்கும் முறை

எங்கள் கட்டடத்தில் நிலவறையில்தான் உடுப்புத் தோய்க்கும் மெஷின். வீட்டுக்கு வீடு முறை நாள் உண்டு. எங்கள் முறை வந்த ஒரு பிற்பகல், இவரும் கூட வந்தார். பெரிய படுக்கை விரிப்புகளை ஒருவர் தனியே மடிக்க முடியாது. இவர் இரண்டு மூலையைப் பிடித்தார், நான் இரண்டு மூலையைப் பிடித்தேன். மேலே சின்ன யன்னல் வழியாக வெயில். ட்ரையரின் சூடு.

நான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்.

"அந்த மனுசிக்கு என்ன சொன்னனீங்கள்?"

விரிப்பு எங்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

"புயல் அடிச்ச அண்டைக்கு," என்றார். "கட்டறுந்ததும் பெரிய சத்தம். லைற் நிண்டுபோச்சு. கப்பல் இழுபட்டுக்கொண்டு போகுது. எங்கை போகுதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் கத்தினாங்கள். முருகா எண்டு ஆரோ, மாதாவே எண்டு ஆரோ. எனக்குப் பக்கத்திலை பருத்தித்துறைப் பெடியன் ஒருத்தன், என்ரை கையைப் பிடிச்சு, 'அண்ணை, கும்பிடுங்கோ, கும்பிடுங்கோ' எண்டு அழுகிறான்."

"ம்."

"நானும் கும்பிட்டனான்."

"ஓம்."

"கப்பல் மூழ்கிப்போகட்டும் எண்டு கும்பிட்டனான்."

இவர் என்னைப் பார்க்கவில்லை, விரிப்பைத்தான் பார்த்தார்.

"இதோடை முடிஞ்சுபோகட்டும் எண்டு. அவ்வளவு சனம் இருக்கு, அந்தப் பெடியன் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், எனக்கு ஒருத்தரும் ஞாபகம் இல்லை. காலமை திட்டியிலை ஏறி நிண்ட உடனை அவன் என்னைக் கட்டிப்பிடிச்சு, 'நீங்கள் கும்பிட்டதுதான் அண்ணை காப்பாத்தினது' எண்டான்."

இவராயிருந்த அந்த இருபத்திரண்டு வயதுப் பெடியனை நான் சந்தித்ததே இல்லை. அவன் கேட்டது நடந்திருந்தால் ஜக்கெட்டோடு விமான நிலையத்தில் நின்றிருக்க ஆளில்லை. மதுரா இல்லை. இந்த நிலவறை இல்லை. இவ்வளவு காலமும் அந்தக் கும்பிடுக்கு மேலேதான் நான் சோறு சமைத்திருக்கிறேன், சண்டை பிடித்திருக்கிறேன், நித்திரை கொண்டிருக்கிறேன்.

விரிப்பின் என் பக்கத்து மூலைகள் கீழே இறங்கின.

"பிடியும்," என்றார் இவர். "நிலத்திலை முட்டுது."

பிடித்தேன். இவர் தன் மூலைகளோடு என்னை நோக்கி நடந்து வந்தார்.